கீழ்க்குழாய்

ஜூன் 3, செவ்வாய்

வண்டியின் பழைய ரேடியேட்டரை மதியத்துக்குள் இறக்கிவிட்டேன். பக்கத் தொட்டியின் பிளாஸ்டிக், அலுமினியத்தோடு மடித்துப் பிடித்திருக்கும் விளிம்பில், சுண்டுவிரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் போனது அந்த வழியாகத்தான் என்று கண்ணால் பார்த்ததும் ஒரு பாரம் இறங்கியது. வெளியே ஒழுகியதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உள்ளுக்குள் கலந்திருக்குமோ என்பதுதான் நேற்றிரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் எஃகுக் குழாய் வழியாக இந்தத் தொட்டிக்கு வந்து, கூலன்டில் மூழ்கியிருக்கும் சிறிய உலோகக் கூலருக்குள் ஓடி, சூடு தணிந்து இன்னொரு குழாயில் திரும்பிப் போகிறது. அந்தக் கூலரின் சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலே போதும்: இன்ஜின் ஓடும்போது அழுத்தம் கூடிய ஆயில் கூலன்டுக்குள் புகும், இன்ஜினை நிறுத்தியதும் ஆயிலின் அழுத்தம் இறங்கிவிட, சூட்டில் இன்னும் இறுகி நிற்கும் கூலன்ட் ஆயிலுக்குள் புகும். இரண்டும் கலந்தால் இளஞ்சிவப்பாகப் பால் போலத் திரண்டுவிடும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு, அதைப் பிடித்திருக்கும் பசை இளகி உரியத் தொடங்கும். அதற்குப் பிறகு ரேடியேட்டரை மாற்றி என்ன பயன்?

கியர்பாக்ஸ் ஆயிலின் அளவு பார்க்கும் அளவுகோலை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்தேன். தெளிவான சிவப்பு. பழைய தொட்டியில் மிஞ்சியிருந்த கூலன்டைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சுத்தமான பச்சை, மேலே எண்ணெய்ப் படலம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் மறுபடி பார்த்தேன்.

ஜூன் 4, புதன்

புதிய ரேடியேட்டர் வரவில்லை. குழாய்களின் வாயை ரப்பர் மூடி போட்டு அடைத்திருக்கிறேன். இரவு எழுந்துபோய், மூடிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

வந்துவிட்டது, ஆனால் பொருந்தவில்லை.

உயரம், அகலம், ஹோஸ் வாய்கள் எல்லாம் பழையதோடு ஒத்துப்போகின்றன. ஆயில் குழாய் சேரும் இரண்டு துளைகள்தான் வேறு. என் குழாய் பதினாறில் ஐந்து அங்குலம். அதன் நட்டு அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அந்த நட்டைப் புதிய தொட்டியின் துளையில் வைத்தபோது, மரையில் எங்கும் பிடிக்காமல் நேராக உள்ளே விழுந்தது; இருட்டில் படிக்கட்டு ஒன்று குறைந்தால் கால் எப்படித் திடுக்கிடுமோ, அப்படித் திடுக்கிட்டது கை. புதிய துளை எட்டில் மூன்று அங்குலக் குழாய்க்கானது; அதற்கு வேண்டிய நட்டு எட்டில் ஐந்து அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. ஒரே ரேடியேட்டரைப் பல வண்டிகளுக்கும் பொதுவாகச் செய்யும்போது இப்படிப் பெரிய துளையாக விட்டுவிடுவதுண்டு. இடையில் போடும் பித்தளை அடாப்டர் இரண்டு வேண்டும். சொல்லியிருக்கிறேன்.

குழாயை வெட்டி, ரப்பர் ஹோஸ் செருகி, கிளாம்ப் போட்டுவிட்டால் இன்றே முடிந்துவிடும் என்றார் அண்ணன். ஆயிலின் சூட்டைத் தாங்கும், கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே செய்த ஹோஸாக இருந்து, குழாயின் நுனியும் ஹோஸ் நழுவாதபடி புடைப்பாக இருந்தால் அது சரியான வழிதான். நம்மிடம் இருப்பதோ கூலன்ட் ஹோஸ். எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதி மிருதுவாகிவிடும். மறுத்துவிட்டேன். 12-ஆம் தேதிக்கு இன்னும் ஏழு நாட்கள் இருக்கின்றன.

ஜூன் 6, வெள்ளி

அண்ணன் இன்று வெள்ளை டெஃப்லான் டேப்போடு வந்தார். "நாலு சுற்று சுற்றிடு, ஒரு சொட்டு வராது" என்றார். எனக்கு உதவத்தான் வந்தார் என்பது தெரிந்தும் குரலை உயர்த்திவிட்டேன். அது இன்னும் மனத்தை அறுக்கிறது.

ஆனால் சொன்னதில் மாற்றமில்லை. இந்த இணைப்பில் கசிவைத் தடுப்பது மரை அல்ல. இரண்டாக மடித்து விரித்திருக்கும் குழாயின் முனை, துளைக்குள் இருக்கும் கூம்பு வடிவ இருக்கையின்மேல் அமர்ந்து, உலோகத்தோடு உலோகமாக அழுந்துகிறதே, அங்கேதான் ஆயில் நிற்கிறது. நட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. முனையில் கீறல் இருந்தால், மரையில் எத்தனை சுற்று டேப் போட்டாலும் நட்டுக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாக ஆயில் வெளியே வந்துவிடும். டேப்பிலிருந்து பிய்ந்த நூலிழை ஒன்று உள்ளே போனால் அது வால்வுகள் இருக்கும் இடம்வரை போய்ச் சேரலாம். நுனி நோக்கிச் சிறுத்துப் போகும் குழாய் மரைக்குத்தான் டேப் தேவை.

மாலையில் இரு குழாய்களின் முனைகளையும் துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேல்குழாயில் சீரான ஒரு பளபளப்பு வளையம். கீழ்க்குழாயின் வளையத்தில் ஓரிடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் வருடினேன்; நகம் தட்டவில்லை. தட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 7, சனி

அந்தக் கோடு.

ஜூன் 8, ஞாயிறு

அடாப்டர்கள் வந்தன. ரேடியேட்டரைத் தரையில் கிடத்தி, அவற்றை முதலில் விரலாலேயே ஏற்றினேன். மரை விரலுக்கு இணங்காவிட்டால் அது கோணலாக ஏறுகிறது என்று பொருள். கடைசி இறுக்கத்துக்கு இரண்டு ஸ்பேனர்கள்: ஒன்று தொட்டியின் பொருத்தியை அசையாமல் பிடிக்க, மற்றது அடாப்டரைத் திருக. பிடிக்காமல் திருகினால் பொருத்தியோடு உள்ளே இருக்கும் கூலரும் சேர்ந்து முறுகும். அங்கே விழும் விரிசல் வெளியே தெரியவே தெரியாது.

பிறகு வண்டியில் ஏற்றினேன். மேல்குழாய் தானாக வந்து அமர்ந்தது. கீழ்க்குழாயின் நட்டு முக்கால் மணி நேரம் பிடிகொடுக்கவில்லை. எஃகுக் குழாய் வில்லைப் போல ஒரு பக்கமாக இழுக்க, நட்டு சாய்ந்தே நின்றது. ஸ்பேனர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எடுக்கவில்லை. மேல்குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் தளர்த்தி, முழுவதையும் ஒரு விரல்கடை அளவு கீழ்க்குழாய்ப் பக்கம் நகர்த்தினேன். நட்டை முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றினேன். மரையின் தொடக்கம் 'டிக்' என்று இறங்கியது விரல்நுனியில் தெரிந்தது. அங்கிருந்து வலப்பக்கம் ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் விரலால். மண்டியிட்டபடியே அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன். அவர் சிரித்தார்.

ஜூன் 9, திங்கள்

தட்டில் வடிந்ததும் பழைய கூலரில் மிஞ்சியதும் சேர்ந்து 450 மில்லி இருந்தது. முதலில் அதே வகைப் புதிய ஆயிலில் அதே அளவு ஊற்றினேன். கூலன்டையும் நிரப்பிக் காற்றை வெளியேற்றினேன். சமதளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் சில விநாடிகள் நிறுத்தி, பார்க்கிங்குக்கு வந்து, சூடேறிய பிறகு ஆயில் அளவைப் பார்த்தேன். ஒரு சிறிய கரண்டி அளவு குறைந்திருந்தது; ஊற்றினேன்.

கீழ்க்குழாய் நட்டின் அடியில் ஒரு சொட்டு.

மாட்டும்போது குழாயிலிருந்து சிந்தியதாகவும் இருக்கலாம். துடைத்து, பிரேக் கிளீனர் அடித்துக் காயவிட்டு, வெள்ளைத் தாளைச் சுற்றிக் கட்டி, மறுபடி இருபது நிமிடம் ஓடவிட்டேன். தாளில் மிளகளவு சிவப்பு. நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டு ஸ்பேனர்களாலும் பிடித்து, கடிகார முள்ளில் ஐந்து நிமிட அளவு மட்டும் இறுக்கினேன். அதற்குமேல் இறுக்கும் துணிவு எனக்கில்லை. முனை நசுங்கினால் குழாயையே மாற்ற வேண்டியிருக்கும்.

புதிய தாள் கட்டியிருக்கிறேன். மறுபடி ஓடவிட்டுப் பார்க்கும் தெம்பு இன்று இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் அரை மணி நேரம் ஓடவிட்டேன். தாள் வெள்ளை.

ஜூன் 11, புதன்

நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன். பாதி தூரம் ஏற்றம். கியர் மாறுவதில் உதறல் இல்லை. தாள் வெள்ளையாகவே இருக்கிறது. முழுவதும் ஆறிய பிறகு ரிசர்வ் தொட்டியின் மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியின் நுனியை நனைத்து எடுத்தேன்: பச்சை. அளவுகோல்: சிவப்பு. இரண்டு துணிகளையும் ஜன்னல் கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டிருக்கிறேன்.

அம்மாவால் பேருந்தில் நிமிர்ந்து உட்கார முடியாது. பின்சீட்டில் தலையணைகளை அடுக்கிவிட்டேன். நாளை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும். அதற்கு முன் நாலரைக்கு ஒருமுறை கீழே படுத்து அந்தத் தாளைப் பார்த்து