நடுத்தரச் சீட்டு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் அக்காள் மகன், "போக்கர் சீட்டாட்டத்தில் ஜோடி விழுந்ததும் பெட் (பந்தயம்) போட்டுவிட வேண்டியதுதானே மாமா?" என்கிறான். 2025 சட்டம் ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்துவிட்டதால் அவன் போக்கர் ஆடுவது இலவச சிப்ஸில்தான் (காசுக்குப் பதிலான வில்லைகள்). கணக்கு என்னவோ அதேதான்.

கையில் ராஜா, ஜாக்கி. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஜாக்கி, 8, 4, 2. கடைசியாக ஒரு ஏஸ். இப்போது பெட் போட்டால் ஏஸ் வைத்திருப்பவர் விடமாட்டார். ஜாக்கி-10 வைத்திருப்பவர் பெரும்பாலும் சீட்டைக் கீழே வைத்துவிடுவார். வலியப் போய்த் தோற்பானேன்? பேசாமல் செக் செய்யடா, அதாவது பெட் போடாமல் விட்டுவிடு. நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகையில் பாதியை எதிராளி பெட் வைத்தால், நான்கில் ஒரு தடவைக்கு மேல் நீ ஜெயிப்பாய் என்று பட்டால் மட்டும் கால் செய், அதாவது அதே தொகையை நீயும் போடு.

எதையும் விடாத பிடிவாதக்காரர் எதிரே இருந்தால் சின்ன பெட் போடலாம். அவர் கால் செய்யும் சீட்டுகளில் பாதிக்கு மேல் உன்னுடையதைவிட மட்டமாக இருக்க வேண்டும்.

மேசையில் முதல் மூன்று சீட்டு விழும் ஃப்ளாப்பில் கதை வேறு. கையில் இரண்டு 8, மேசையில் 7, 5, 2 என்றால் தயங்காமல் போடு. ராஜா-ராணிக்காரருக்கு இன்னும் இரண்டு சீட்டு பாக்கி. பெட் போடாமல் அவற்றை இலவசமாகக் காட்டினால், ராஜாவோ ராணியோ விழுந்து ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை முந்திவிடுவார்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படியானால் மட்டமான சீட்டோடு பெட் போட்டு மிரட்டும் பிளஃப் எப்போது மாமா?" என்கிறான் பையன்!