பங்காளிகள் படிக்கும் எஸ்டிமேட்

காரைக்குடியில் கொத்து வேலை காண்ட்ராக்ட் எடுக்கும் ஒரு மேஸ்திரியிடம் ஆபீஸ் பார்க்கிறேன். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு போன், சுவரில் தினசரி காலண்டர், மூலையில் சாரக்கயிறும் மட்டப்பலகையும். காலையில் கொத்தனார், சித்தாள் யார் யார் எந்த சைட் என்று பிரித்து அனுப்புவது, சனிக்கிழமை கூலி போடுவது, எம்-சாண்ட் எத்தனை யூனிட் இறங்கியது என்று எழுதுவது. இவற்றோடு புது வேலை பிடிக்கிற பொறுப்பும் மெல்ல என் தலையில் வந்து விழுந்தது. மேஸ்திரிக்குக் கரணை (பூச்சுக் கரண்டி) பிடித்த கை. பேனாவைக் கொடுத்தால் நெளிவார்.

நான் சேர்ந்த புதிதில் எஸ்டிமேட் எல்லாம் வாய்வார்த்தைதான். மேஸ்திரி போவார், சுவரைத் தட்டுவார், அண்ணாந்து ஓட்டைப் பார்ப்பார், "ஒரு மூணு ரூபா ஆகும்ணே" என்பார். மூன்று லட்சம். எதிரில் இருப்பவர் "கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்பார். அதோடு சரி, போன் வராது. ரேட் கூடிவிட்டது போல என்று அடுத்த இடத்தில் குறைத்துச் சொல்வார். அங்கிருந்தும் போன் வராது. ரேட்டில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யாரோடு கலந்துகொள்கிறார்கள், அவர்கள் கைக்கு நம்மிடமிருந்து என்ன போய்ச் சேருகிறது என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

இந்தப் பக்கத்து வீடுகள் தெரிந்ததுதான். முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் வளவு என்கிற முற்றம், அதைச் சுற்றி அறைகள். கட்டியவருக்கு எத்தனை ஆண்பிள்ளைகளோ அத்தனை புள்ளி, அதாவது தனிக் குடும்பம். புள்ளிக்கு ஓர் அறை. முகப்பு, பட்டாலை, வளவு எல்லாம் பொது. மூன்று தலைமுறை தாண்டினால் பங்கு பிரிந்து பிரிந்து, ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். சாவியை வைத்துக்கொண்டு ஊரில் இருப்பது ஓர் ஆச்சி. நமக்குப் போன் போடுவது அவர். பணம் போடப்போகிறவர்கள் நம் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மேஸ்திரி சொன்ன மூணு ரூபா, ஆச்சி வாய்வழியாக வாட்ஸாப்புக்குப் போய்ச் சேரும்போது அதில் சுவரும் இருக்காது, வேலையும் இருக்காது. தொகை மட்டும் இருக்கும். வெறும் தொகை யாருக்குத்தான் இனிக்கும்?

கோட்டையூரில் ஒரு வீடு. இரண்டாங்கட்டு மேற்குச் சுவர் முழுக்க உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. எந்தக் காலத்திலோ பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். நானும் கூடப் போயிருந்தேன். மேஸ்திரி கரணையின் கைப்பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். பிடிப்பு உள்ள இடம் 'டக்' என்றது. விட்டுப்போன இடம் 'பொத்'தென்றது. பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடச் சொன்னேன். ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுத்து நம்பர் கொடுத்தேன். ஆச்சி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, சுவத்துக்கு ஸ்கேனா எடுக்குறிய?" என்றார்.

அந்த வீட்டுக்கு எழுதிய எஸ்டிமேட்டைத்தான் இன்றைக்கும் மாதிரியாக வைத்திருக்கிறோம். முதல் பக்கம் படங்களும் அளவும். அடுத்த பக்கத்தில் வேலையை இரண்டாகப் பிரித்தேன்: பொது, அவரவர் அறை. வளவுச் சுவரும் ஓட்டு ஒழுக்கும் எல்லாப் பங்குக்கும். அறைக்குள் பூசுவது அந்தப் புள்ளிக்கு மட்டும். யார் எவ்வளவு போட வேண்டும் என்று பங்காளிகள் தங்களுக்குள் மல்லுக்கட்டுகிற வேலையில் பாதியை நாமே முடித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. கீழே, இதில் சேராதவை: வயரிங், மரவேலை, பெயிண்ட், தரையில் ஆத்தங்குடிக் கல் மாற்றுவது. அதில் மேஸ்திரிக்கு உடன்பாடில்லை. "செய்யாததை எதுக்குத்தா எழுதணும், வர்ற வேலையும் போயிரும்" என்றார். தூரத்தில் இருக்கிறவர் முதலில் தேடுவதே அந்த வரியைத்தான் என்பது என் கட்சி. பாதி வேலையில் 'அது தனிக்கணக்கு' என்று கேட்டு நொந்தவர்கள் அவர்கள். எழுதினேன்.

ஒருநாள் காலை ஆறரைக்கு, சிங்கப்பூரில் இருக்கும் அந்த வீட்டுப் பங்காளி ஒருவரிடமிருந்து போன். அங்கே ஒன்பது மணி. "நாலாம் நம்பர் படத்துல இருக்கிற வட்டம் ஜன்னலுக்குக் கீழ வரைக்கும் போகுதா?" என்று கேட்டார். மொத்தத் தொகையைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது, வேலை நமக்குத்தான் என்று. அடுத்து அவர் கேட்டது, சிமெண்டே சல்லிசாக இருக்கும்போது சுண்ணாம்பு எதற்கு என்பது.

இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இல்லாமல் செட்டிநாட்டில் கொத்து வேலை விற்க முடியாது. சிமெண்ட் சீக்கிரம் இறுகும், ஆனால் பழைய செங்கல் சுவருக்குள் இருக்கிற ஈரத்தை லேசில் வெளியே விடாது. அடைபட்ட ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு, பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். ஆனால் அது நீர்த்து ஊற வேண்டும், அரைபட வேண்டும், ஒரு கோட்டு பூச்சின் மேல் அடுத்த கோட்டாக ஏற வேண்டும். காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து நிதானமாகத்தான் இறுகும். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று எல்லோருக்கும் அந்தக் கதையில்தான் ஆசை. கேட்டால் சொல்வேன், ஆனால் முட்டையைக் காட்டி வேலை பிடிக்கிறதில்லை. காசு போவது கூலியில். கடைசிக் கோட்டைக் கண்ணாடி மாதிரித் தேய்த்து எடுக்கிற கை எல்லாக் கொத்தனாருக்கும் வாய்க்காது. எத்தனை கோட்டு, நடுவில் எவ்வளவு நாள் காய விட வேண்டும் என்று எஸ்டிமேட்டில் வரி வரியாகப் போட்ட பிறகு இந்த வாதம் பாதியாகக் குறைந்தது.

அடுத்த தலைவலி, "சதுர அடி என்ன ரேட்?" போனை எடுத்ததும் முதல் கேள்வி இதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் கேட்பவர் மனதில் இருப்பது தரை, 120 சதுர அடி. பூச்சு ஏறுவது சுவரில். உயரம் பத்தடி என்று வைத்தாலே நாலு சுவரும் 440 சதுர அடி. பழைய வீடுகளில் உயரம் இன்னும் கூடும். ரேட்டை மட்டும் போனில் சொன்னால் அவர் 120-ஆல் பெருக்கிக்கொள்வார். பிறகு நாம் அனுப்பும் தொகையைப் பார்த்து நம்மைக் கொள்ளைக்காரன் என்பார். அதனால் போனில் ரேட் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். "நீளம், அகலம், உயரம் மூணும் சொல்லுங்கண்ணே, சுவர்க்கணக்கு போட்டு அனுப்புறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இந்த ஒரு மாற்றம் எத்தனை சண்டையை மிச்சப்படுத்தியது என்பது எனக்கும் மேஸ்திரிக்கும்தான் தெரியும்.

கதவு, ஜன்னல் திறப்புகளைப் பூச்சு அளவிலிருந்து கழிக்கிற கழிவு தனிப் புராணம். பி.டபிள்யூ.டி.யில் இருந்து ரிட்டயர்டான ஓர் ஐயா எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐ.எஸ். 1200 தெரியுமாம்மா?" என்றார். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரநிலை அது. தெரிந்துதான் போயிருந்தேன். 0.5 சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு. 3-க்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, நிலையோரச் சுவரை, அதாவது திறப்புக்குள் தெரிகிற சுவர்க் கனத்தை, சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே சுவர்க் கனத்துக்கு அந்த நிலையோரமே கணிசமாக வரும். இப்போது இதை எஸ்டிமேட்டின் அடியில் அச்சடித்தே விடுகிறோம். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய குடும்பங்கள். கணக்கு எந்த வழியில் வந்தது என்று காட்டினால் பேரம் தானாக அடங்குகிறது.

காலண்டரைப் பார்க்காமலும் இங்கே காரியம் ஆகாது. ஆடியில், மார்கழியில் புது வேலை தொடங்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிப்பூச்சு ஓடாது. அந்த மாதங்களில் மேஸ்திரி முன்பெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அளவெடுக்கவும் எஸ்டிமேட் எழுதவும் மார்கழியை விட நல்ல மாதம் ஏது? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோக வருகிறவர்கள், தை கல்யாணங்களுக்கு வருகிறவர்கள் என்று பங்காளிகள் ஒன்றுகூடும் நேரம் அடுத்து வருகிறது. அவர்கள் வளவில் உட்கார்ந்து பேசும்போது பேப்பர் கையில் இருக்க வேண்டும். விமானம் ஏறிவிட்டால் அடுத்த விசேஷம் வரைக்கும் பேச்சு நகராது.

இதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வீடு, ஊரில் இருப்பவர், முடிவு எடுப்பவர், அடுத்து யார் எப்போது ஊருக்கு வருகிறார். கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதைப் பார்த்துத்தான் போன் போடுகிறேன். சும்மா வாராவாரம் "என்னாச்சுங்க ஆச்சி" என்று நச்சரித்தால் எடுக்க மாட்டார்கள்.

கல்யாண தேதியை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்குள் சுண்ணாம்பு பூசி வெள்ளையும் அடித்துக் கொடு என்று வருகிற வேலை மட்டும் இன்னும் சிக்கல்தான். காயாத சுவரில் வேலை செய்துவிட்டு அப்புறம் பேச்சு வாங்குவதை விட, கண்ணில் படுகிற முகப்பை மட்டும் இப்போது எடுத்துக்கொண்டு மற்றதைக் கல்யாணத்துக்குப் பிறகு என்று எழுதிக் கொடுக்கிறோம். ஒத்துக்கொள்ளாதவர்களிடம் முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறோம்.

தேவகோட்டை, பள்ளத்தூர் என்று தூரத்துக்கு அளவெடுக்கப் போக ஒரு தொகையும் வாங்குகிறோம், வேலை வந்தால் முதல் பில்லில் கழித்துவிடுவோம். மேஸ்திரிக்கு அதில் இன்னும் கூச்சம். "ஆச்சிகிட்ட எப்பிடித்தா கேக்குறது" என்பார். அதனால் போனிலேயே நான் கேட்டு வாங்கிவிடுகிறேன்.