அந்துப்பூச்சி செட்டை விரிக்கிற வேலை – நாலாவது மாசம்

திருகோணமலை உப்புவெளியில எங்கட வீட்டு விறாந்தை லைட்டுக்கு வந்து செத்துக் கிடக்கிற அந்துப்பூச்சியள விடிய எழும்பிப் பொறுக்கி, செட்டையை (சிறகை) விரிச்சு ஊசி குத்திக் காயவைக்கிறதுதான் என்ட சேகரிப்பு. உயிரோட ஒண்டையும் பிடிக்கிறதில்ல, மனசு வராது. கொஞ்சம் பிந்தி எழும்பினா எறும்பு வயித்தைத் துளைச்சிடும், இல்லாட்டி பல்லி உடம்பைத் திண்டுட்டு செட்டையை மட்டும் விட்டுட்டுப் போயிடும்.

முதல் மாசம் எடுத்ததில பாதிக்கு மேல உடைஞ்சு போச்சு. காய்ஞ்சு இறுகினதை அப்பிடியே விரிக்கப் பாத்ததுதான் பிழை, தொட்ட உடன செட்டை அடியோட கழண்டு வந்துட்டுது. இப்ப மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள நனைச்ச டிஷ்யூ போட்டு, பூஞ்சணம் பிடிக்காம ரெண்டு துளி டெட்டோல் விட்டு, ஈரம் நேர படாம ஒரு சின்ன மூடியில பூச்சியை வைக்கிறன். சின்னதுக்கு ஒரு நாள் காணும், தடிச்ச உடம்புள்ளதுக்கு ரெண்டு மூண்டு நாள் வேணும். கால் லேசா மடங்கினா பதம் வந்திட்டுது.

விரிக்கிற பலகை ரெஜிபோம்லதான் (பொதி செய்யிற வெள்ளை நுரைப் பலகை) வெட்டினன், நடுவில உடம்பு இறங்க ஒரு பள்ளம். முதல்ல சாதாரண குண்டூசிதான் குத்தினன், இஞ்ச கடல்காத்துக்கு அது துருப்பிடிச்சு பூச்சியின்ட நெஞ்சிலயே கறை ஊறிட்டுது, அதுக்குப் பிறகு கொழும்பில இருந்து பூச்சிக்கெண்டே செய்யிற ஸ்டீல் ஊசி எடுப்பிச்சன், 38 மில்லிமீட்டர் நீளம்.

போன கிழமை கிடைச்சதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். பாக்க வெறும் காய்ஞ்ச பலாவிலை மாதிரி இருந்துது, கூட்டித் தள்ளியிருப்பன். முன் ஓரத்து தடிச்ச நரம்புக்குப் பின்னால ஊசி நுனியைக் குடுத்து (செட்டையைக் குத்தக்கூடாது, தள்ளத்தான் வேணும்) மெல்ல மேல ஏத்தினா, அடியில இருந்து நல்ல தோடம்பழக் கலர்ல பின் செட்டை வெளிய வருது, நடுவில கமா போட்ட மாதிரி ஒரு கறுப்பு. கொஞ்ச நேரம் ஊசியைப் பிடிச்சபடியே பாத்துக்கொண்டு இருந்தன். தோடம்பழத்தைத் துளைச்சுச் சாறு குடிக்கிற இனம் அது, அதின்ட உறிஞ்சு குழல் அவ்வளவு கடினம். புழுவா இருக்கேக்க சீந்தில் கொடி திண்டு வளருமாம் எண்டு வாசிச்ச உடன வேலிப் பக்கம் போய்ப் பாத்தன், சீந்தில் அங்கயே படர்ந்து கிடக்குது!

லென்ஸ் வைச்சுப் பாத்தா இன்னொண்டும் தெரிஞ்சுது. பின் செட்டையின்ட அடியில முள்ளு மாதிரி ஒரு மயிர், முன் செட்டைக்குக் கீழ இருக்கிற கொக்கியில மாட்டிக் கிடக்குது. அதாலதான் பறக்கேக்க ரெண்டு செட்டையும் ஒண்டா அடிக்குது. ஆணுக்கு ஒரே ஒரு தடிச்ச முள், பெண்ணுக்கு மெல்லிசா கன முள்ளு. என்டது ஒண்டுதான், அப்ப ஆண். விரிக்கேக்க அந்த முள் கழராமப் பாத்தா பின்னதும் கூடவே இழுபட்டு வரும், வேலை பாதி. முன் செட்டையின்ட பின் ஓரம் உடம்புக்கு நேர் செங்குத்தா வந்த உடன ட்ரேசிங் பேப்பர் பட்டியால அமத்தி, சுத்திவர ஊசி. செட்டைக்கு ஊடால இல்ல, பேப்பருக்குத்தான்.

அலரிச் செடிக்கு வாற பச்சை அந்து ஒண்டு முந்தி விரிச்சது, வயித்துக் கொழுப்பு கசிஞ்சு எண்ணெய் பட்ட மாதிரி ஆகிட்டுது, அசிட்டோன்ல ஊறவைக்கோணும்.

மனசுக்குக் கஷ்டமா இருக்கிறது முதல் ஏழுக்கும் திகதி எழுதாம விட்டதுதான். எங்க, எப்ப, ஆர் எடுத்தது எண்டு ஊசியில ஒரு துண்டு இல்லாட்டி பிறகு ஒரு ஆய்வுக்கும் அது உதவாது, வடிவுக்கு மட்டும்தான். இப்ப பூச்சியைத் தூக்க முதல் துண்டை எழுதுறன்.

மாரி தொடங்கிட்டுது, சாதாரணமா ரெண்டு கிழமையில காயிறது இந்த ஈரத்துக்கு மூண்டு எடுக்கும் போல, பெட்டிக்குள்ள சிலிக்கா பாக்கெட் போட்டிருக்கிறன். நேற்று இரவு ஊசி நுனியால வயித்தை மெல்லத் தொட்டுப் பாத்தன், இன்னும் ஆடுது. பேப்பர் பட்டியை இப்ப கழட்ட ஏலாது.