கை உயர்த்தும் ஊர்

சூரிச்சில் இருந்த சொந்தக்காரர் எல்லோரும் தடுத்தார்கள். "மலைக்குள்ளே போய் என்ன செய்யப் போறாய்?" என்று சித்தி கேட்டா. இவருக்கு சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்தில், ஸ்வாண்டன் என்ற ஊரில் வேலை கிடைத்திருந்தது. சரி என்று கைக்குழந்தையோடு, அந்த ஊரும் அடங்கிய கிளாருஸ் ஸூட்டுக்கு வந்துவிட்டோம்.

பனைக்கு மேலே எதையும் அண்ணாந்து பார்க்காமல் வளர்ந்தவள் நான். இங்கே யன்னலைத் திறந்தால் இரண்டு பக்கமும் மலைச்சுவர். குளிர்காலத்தில் வெயில் எதிர்ப்பக்கச் சரிவில் மட்டும் மெதுவாக நகரும், எங்கள் முற்றத்துக்கு இறங்காது. கிளாருஸ் ஸூட்டின் பரப்பளவு 430 சதுர கிலோமீட்டர், ஆட்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு.

எல்ம் கிராமத்துக்கு மேலே மலையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் ஓரிரு நாள் காலைச் சூரியன் அதற்குள்ளால் வந்து தேவாலயத்தில் விழும். அதே எல்மில் பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டுக்காக மலையின் அடியைக் குடைந்தார்கள். 1881 செப்டம்பர் 11 அன்று மலை சரிந்து 115 பேர் இறந்தார்கள். அம்மா சிலேட்டில் அனா ஆவன்னா எழுதிப் பழகியவ. அவவிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை.

இன்று பிழைப்பு பல வழியில். மாடு, பனிச்சறுக்கு, சில தொழிற்சாலைகள். லின்தால் மலைகளுக்கு மேலே முட்ஸே அணை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள்.

என்னை இந்த ஊரோடு கட்டிப்போட்டது கெமைண்டே, அதாவது ஊராட்சி, கூட்டம்தான். முன்பு கிளாருஸ் மாநிலத்தில் 25 கெமைண்டேகள் இருந்தன. 2006 மே மாதம் திறந்த வெளியில் கூடிய மக்கள் சபையில் அரசாங்கம் பத்தாகக் குறைக்கலாம் என்றது. சாதாரணக் குடிமகன் ஒருவர் எழுந்து மூன்று போதும் என்றார். மக்கள் கை உயர்த்தி அவர் பக்கம் நின்றார்கள். 2011இல் பதின்மூன்று ஊர்கள் சேர்ந்து எங்கள் கெமைண்டே கிளாருஸ் ஸூட் ஆனது. ஒரு தனி மனிதரின் சொல்லுக்கு இவ்வளவு இடம் இருக்கும் என்று நான் அதற்குமுன் நம்பியதில்லை.

முதல் தடவை பக்கத்து வீட்டு அம்மாதான் என்னைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனா. வாக்கில்லாதவர்களுக்கு ஓரத்தில் கதிரை. டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி, பாதிதான் விளங்கியது. வரி வீதம், வரவு செலவு, பாதை திருத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க, மாட்டுக்காரரும் ஆசிரியையும் ஒரே மாதிரிக் கையை உயர்த்தினார்கள். பேச விரும்பியவர் எழுந்து பேசினார், இடையில் யாரும் கத்தவில்லை. அன்று வீட்டுக்கு வந்து இவரிடம், "நாங்கள் குடியுரிமைக்குப் போடுவோம்" என்றேன்.

பத்து வருடம் காத்திருந்து, பிறகு கெமைண்டே, மாநிலம், நாடு என்று மூன்று படியும் ஏறினோம். போன இலையுதிர் காலக் கூட்டத்தில் அந்த அம்மா ஓரக் கதிரைகளைத் தாண்டி என்னைத் தன் பக்கத்தில் இருத்தினா. மலைப்பாதை ஒன்றைத் திருத்தப் பணம் ஒதுக்குவதா என்று கேட்டார்கள். எங்கள் பிள்ளையின் பள்ளி பஸ் போகிற பாதை அது. கையை உயர்த்தினேன். எண்ணி முடிக்கும்வரை இறக்கவில்லை.