பிரச்சனை வர்றதுக்கு முன்னாடியே பேசிப் பழகிடுங்க

ஸ்கூல்ல இருந்து போன் போனா பெத்தவங்க எடுத்ததுமே கேக்கறது "என்னாச்சு மிஸ், ஏதாவது பண்ணிட்டானா?" தான். அவங்கள குத்தம் சொல்ல முடியாது, ஏன்னா நாம போன் பண்றதே அடி பட்டா, காய்ச்சல் வந்தா, யாரையாவது கடிச்சு வச்சுட்டா, ஹோம்வொர்க் வரலைன்னா தானே, நல்லது சொல்ல யார் போன் பண்றாங்க? நான் ரொம்ப வருஷமா சின்ன கிளாஸ் பசங்களுக்குத்தான் பாடம் எடுக்கறேன், புதுசா வர்ற டீச்சருக்கும் சரி பெத்தவங்களுக்கும் சரி, நான் விடாம சொல்ற விஷயம் ஒண்ணு இருக்கு. ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்க வேண்டிய பழக்கத்த பிரச்சனை வந்த அன்னைக்கு உக்காந்து உண்டாக்க முடியாது, அது அதுக்கு முன்னாடியே இருந்தாகணும்.

அதனால கிளாஸ் ஆரம்பிச்ச முதல் சில வாரத்துக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன் போட்டுடுவேன், நல்லது ஒண்ணு சொல்றதுக்கு மட்டும். சும்மா "உங்க பையன் நல்ல பையன்"னு சொன்னா எடுபடாதுங்க, அது எல்லாருக்கும் சொல்றதுன்னு அவங்களுக்கே தெரியும். "இன்னைக்கு பக்கத்து பொண்ணோட பென்சில் டப்பா விழுந்து எல்லாம் சிதறிடுச்சு, இவன் யாரும் சொல்லாமலே பெஞ்சுக்கு அடியில பூந்து ஷார்ப்னர் மூடி வரைக்கும் தேடி எடுத்து குடுத்தான்"னு சொல்லணும். ஒரு அம்மாகிட்ட இத சொன்னப்போ கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "நம்ம பையனா மிஸ்?"னு மெதுவா கேட்டாங்க. அவன் அதுக்கு முன்னாடி படிச்ச ஸ்கூல்ல அவங்களுக்கு வந்த போன் எல்லாமே புகார்தானாம். அதே பையன் கொஞ்ச நாள் கழிச்சு ஒருத்தன தள்ளி விட்டுட்டான், நான் போன் பண்ணினப்போ அந்த அம்மா சண்டைக்கு வரல, பையனுக்கு சப்பைக்கட்டும் கட்டல, "சொல்லுங்க மிஸ், நான் வீட்ல என்ன செய்யணும்"னு கேட்டாங்க. நான் அவங்க பையன நல்ல கண்ணோட பாக்கறேன்னு அவங்களுக்கு அதுக்குள்ள தெரிஞ்சிருந்துச்சு, அதனால புகாரக் காது குடுத்துக் கேக்க முடிஞ்சுது.

ஸ்கூல் பக்கம் வரவே மாட்டாங்க, மீட்டிங்குக்கு கூப்ட்டாலும் வர்றதில்ல, புள்ள மேல அக்கறையே இல்லன்னு சில பேரப் பத்தி ஸ்டாஃப் ரூம்ல பேச்சு வரும். எனக்கு அது சுத்தமா புடிக்காது. ஸ்கூல்ங்கற இடத்துல சின்ன வயசுல அவமானம் மட்டுமே பட்டவங்க நிறைய பேர் இருக்காங்க, கேட்டுக்குள்ள காலடி வச்சதும் அவங்களுக்கு அந்த பழைய வயித்தக் கலக்கற உணர்ச்சி திரும்ப வந்துடுது, குட்டி நாற்காலில ஒடுங்கி உக்காந்துக்கிட்டு எதிர்ல இருக்கற டீச்சர் மார்க் ஷீட்ட எடுக்கறதப் பாத்தா யாருக்குத்தான் பேச்சு வரும்? கூச்சத்தயும் பயத்தயும் அக்கறை இல்லன்னு எடுத்துக்கறது ரொம்ப சுலபம், ஆனா அப்படி எடுத்துக்கிட்டா அந்தக் குழந்தைய நாம பாதி தொலைச்ச மாதிரிதான்.

ஜேம்ஸ் கோமர்னு அமெரிக்காவுல ஒரு மனநல டாக்டர். அவரோட அம்மா வீட்டு வேலை செஞ்சவங்க, அவங்களுக்கு படிக்கற வாய்ப்பே சரியா கிடைக்கல, ஆனா பிள்ளைங்க அஞ்சு பேரும் காலேஜ் வரைக்கும் போனாங்க. சின்ன வயசுல தன்கூட படிச்ச மூணு நண்பர்கள் தன் அளவுக்கு புத்திசாலிங்கதான், ஆனா அவங்க வாழ்க்கை மூணும் சிதைஞ்சு போச்சு, ஏன் இப்படிங்கற கேள்வி அவர விடவே இல்ல. அவர் கண்டுபிடிச்ச பதில், தன் வீடும் ஸ்கூலும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி இருந்துச்சு, அவங்களுக்கு அது இல்லங்கறதுதான். 1968ல யேல் பல்கலைக்கழகத்துல இருந்து நியூ ஹேவன் ஊர்ல ரெண்டு ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குள்ள அவரோட குழு போச்சு, படிப்புலயும் ஒழுங்குலயும் ரொம்ப பின்தங்கி இருந்த பள்ளிக்கூடங்க. முதல் வருஷம் ஒண்ணும் சுமுகமா இல்ல, பெத்தவங்க கோவத்துல போராட்டமே பண்ணினாங்க. அப்புறம் ஹெட்மாஸ்டர், டீச்சருங்க, பெத்தவங்க, மத்த வேலை பாக்கறவங்கன்னு எல்லாரும் சேந்து உக்காந்து முடிவெடுக்கற ஒரு குழு வச்சாங்க. அந்தக் குழுவுக்கு இருந்த விதிகள்ல எனக்கு ரொம்ப புடிச்சது, பிரச்சனைய பேசும்போது யார் மேல தப்புன்னு தேடக்கூடாது, அடுத்து என்ன செய்யலாம்னு மட்டும்தான் பேசணும். நிறைய வருஷம் ஆச்சு, ஆனா 80கள்ல அந்த ஸ்கூல் பசங்க அந்த ஊர்லயே முன் வரிசைக்கு வந்தாங்க.

யார் மேல தப்புன்னு தேடாம பேசறது சொல்ல ஈஸிங்க, செஞ்சு பாருங்க தெரியும். "வீட்ல பாக்கறதே இல்ல"ன்னு நாம சொல்றோம், "ஸ்கூல்ல கவனிக்கறதே இல்ல"ன்னு அவங்க சொல்றாங்க, ரெண்டும் முடியறதுக்குள்ள மீட்டிங் டைம் முடிஞ்சிடுது, குழந்தை வெளிய வராண்டாவுல பையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

அதே அமெரிக்காவுல சிகாகோவுல அந்தோனி பிரைக், பார்பரா ஷ்னைடர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1990கள்ல நானூறுக்கும் மேல ஆரம்பப் பள்ளிக்கூடங்கள பாத்தாங்க, 2002ல அது வெளிவந்துச்சு. ஸ்கூல்ல இருக்கற பெரியவங்களுக்குள்ள, அதாவது டீச்சருக்கும் ஹெட்மாஸ்டருக்கும், டீச்சருக்கும் டீச்சருக்கும், டீச்சருக்கும் பெத்தவங்களுக்கும் நடுவுல நம்பிக்கை நல்லா இருந்த ஸ்கூல்கள்ல ரெண்டுல ஒண்ணு வாசிப்புல, கணக்குல முன்னேறுச்சு, நம்பிக்கை இல்லாத இடத்துல ஏழுல ஒண்ணுதான். நம்பிக்கைன்னா என்னன்னு அவங்க பிரிச்சது நாலா: மரியாதை, ஒருத்தர் மேல ஒருத்தருக்கு அக்கறை, சொன்னத செய்யற நேர்மை, வேலையில திறமை. அந்த நாலாவத தயவுசெஞ்சு கவனிங்க. பாசமா சிரிச்சுப் பேசிட்டு வாசிக்கக் கத்துக் குடுக்கலன்னா எந்த அம்மாவும் நம்ப மாட்டாங்க, நம்பவும் கூடாது. உறவுன்னு பேச ஆரம்பிச்சாலே பாடத்த விட்டுட்டு கொஞ்சறதுன்னு நெனச்சுக்கறவங்க இருக்காங்க, அது இல்லவே இல்ல.

இப்போ எங்க ஸ்கூல்ல நடந்தது ஒண்ணு சொல்றேன். ரெண்டாம் கிளாஸ் பையன், நல்லா வாயடிப்பான், ஒரு லீவு முடிஞ்சு வந்ததுல இருந்து ஆளே மாறிட்டான். எழுதுவான், பாதியில பென்சில அப்படியே வச்சுட்டு ஜன்னலப் பாத்துட்டு இருப்பான். அவனோட கிளாஸ் டீச்சருக்கு தெரிஞ்சது அவ்வளவுதான். சாப்பாட்டு டப்பாவ தொறந்து பாத்துட்டு அப்படியே மூடிடறான்னு ஆயாம்மாவுக்கு தெரியும். தினமும் வேன்ல ஏத்தி விடறது அவங்க அப்பா, இப்போ கொஞ்ச நாளா பாட்டிதான் வர்றாங்கன்னு வேன் அண்ணனுக்கு தெரியும். மூணு பேர்கிட்டயும் ஒவ்வொரு துண்டு இருக்கு, யார்கிட்டயும் முழுசா இல்ல. ஒரு நாள் சாயங்காலம் வேன் வர லேட்டாச்சு, கேட்டுகிட்ட நின்னு மூணு பேரும் ஏதோ பேசிட்டு இருந்தப்போதான் ஒண்ணோட ஒண்ணு சேந்துச்சு. அடுத்த நாள் காலைல அந்த டீச்சர் வேன் நிக்கற இடத்துக்கே போய் பாட்டிகிட்ட பேசினாங்க. அம்மா ஆஸ்பத்திரில, அப்பா ராத்திரி பூரா அங்கதான், குழந்தைகிட்ட "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க"ன்னு சொல்லி வச்சிருக்காங்க. அவன் அத நம்பல, யார்கிட்டயும் கேக்கவும் தெரியல.

அதுக்கப்புறம் பெரிசா ஒண்ணும் செய்யலங்க. அப்பாகிட்ட பேசி, குழந்தைக்குப் புரியற அளவுக்கு உண்மைய சொல்ல வச்சாங்க. மத்தியானம் ஆயாம்மா அவன் பக்கத்துல வந்து உக்காந்துக்குவாங்க, சாப்பிடச் சொல்லி கட்டாயப்படுத்த மாட்டாங்க, சும்மா உக்காந்துக்குவாங்க. காலைல அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர ஆபீசுக்கு கொண்டு போற வேலைய டீச்சர் அவனுக்கே குடுத்தாங்க, ஆபீஸ்ல இருக்கற அக்கா அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசி அனுப்புவாங்க. எழுதறது மெதுவா திரும்பி வந்துச்சு. ஆயாம்மாவும் டீச்சரும் பேசிக்கவே மாட்டாத ஸ்கூலா இருந்தா, நிறைய இடத்துல அப்படித்தான் இருக்கு, அவன் "சோம்பேறி ஆயிட்டான்"னு ரிப்போர்ட் கார்டுல ஒரு வரி வந்திருக்கும்.

எம்மி வெர்னர், ரூத் ஸ்மித்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஹவாய்ல இருக்கற கவாய் தீவுல 1955ல பிறந்த 698 குழந்தைங்கள பல வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. வறுமை, வீட்ல சண்டை, பெத்தவங்களுக்கு நோய்னு பல கஷ்டம் ஒண்ணா சேந்து வளந்த பசங்கள்ல மூணுல ஒரு பங்கு பேர் நல்ல மனுஷங்களா, வேலையும் குடும்பமுமா நிமிந்து நின்னாங்க. அவங்க வாழ்க்கையில பொதுவா இருந்த விஷயங்கள்ல ஒண்ணு, பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு டீச்சரோ, அவங்க மேல உண்மையா அக்கறை வச்ச ஒரு பெரியவர். அந்த ஒரு ஆள் யாருங்கறத குழந்தைதான் முடிவு பண்ணும், நாம முடிவு பண்ண முடியாது, அது வாட்ச்மேனா கூட இருக்கலாம். அதனால ஸ்கூலுக்குள்ள இருக்கற ஒவ்வொருத்தருக்கும் மரியாதை இருக்கணும்னு நான் கத்தறேன், வாட்ச்மேன பேர் சொல்லி அதட்டற இடத்துல குழந்தை யார் பெரியவர், யார் சின்னவர்ங்கறத ஒரே வாரத்துல கத்துக்கும்.

முரட்டுத்தனம் பண்ற பசங்க விஷயம் இன்னும் கஷ்டம். யாருக்கு உறவு ரொம்ப தேவையோ அவங்களுக்குத்தான் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் திட்டு விழுது, "உக்காரு", "தொடாத", "வெளிய நில்லு", இது மூணத் தவிர டீச்சர் அவன்கிட்ட வேற எதுவுமே பேசியிருக்க மாட்டாங்க. பிரிட்ஜெட் ஹம்ரே, ராபர்ட் பியாண்டா ரெண்டு பேரும் 2001ல வெளியிட்ட ஆய்வுல, கிண்டர்கார்டன்ல டீச்சரோட மோதலாவே போன உறவு எட்டாம் கிளாஸ் வரைக்கும் மார்க்லயும் நடத்தையிலயும் தெரிஞ்சுதுன்னு காட்டினாங்க, எட்டாம் கிளாஸ் வரைக்கும்ங்க! பியாண்டா இதுக்கு சொல்ற ஒரு வழி எனக்கு நிஜமாவே கை குடுத்திருக்கு. அந்தக் குழந்தையோட மட்டும் தனியா பத்து நிமிஷம், வாரத்துல சில தடவை. குழந்தை என்ன விளையாடணும்னு சொல்லுதோ அதுதான், நாம கேள்வி கேக்கக் கூடாது, திருத்தக் கூடாது, கத்துக் குடுக்கக் கூடாது, பக்கத்துல உக்காந்து கவனிச்சு, பாக்கறத சொல்லிட்டு இருந்தா போதும். முக்கியமா அது பரிசு கிடையாது, அவன் காலைல யாரையாவது அடிச்சிருந்தாலும் அந்த பத்து நிமிஷத்த புடுங்கக் கூடாது. முதல் ரெண்டு தடவை நம்மள சோதிப்பான், அப்புறம் ஒரு நாள் தானா வந்து "இன்னைக்கு நம்ம டைம் இருக்குல்ல மிஸ்"னு கேப்பான் பாருங்க, அன்னைக்கு கிளாஸே வேற மாதிரி இருக்கும்.

பெத்தவங்களுக்குள்ள இருக்கற உறவ பத்தியும் சொல்லியே ஆகணும், குறிப்பா அந்த வாட்ஸ்அப் குரூப். ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர் "இன்னாரோட பையன் என் பொண்ண கிள்ளிட்டான், பாருங்க"ன்னு போட்டோவோட போட்டுடறாங்க, அதுக்கு கீழ இருபது பேர் வருத்தம் தெரிவிக்கறாங்க, அந்தப் பையனோட அம்மா அதே குரூப்ல எல்லாத்தயும் படிச்சுட்டு இருக்காங்க. மறுநாள் காலைல அந்தப் பையன் பக்கத்துல உக்கார யாரும் வர மாட்டேங்கறாங்க, ஆறு வயசுக்கு இது என்னன்னு புரியும்? கிள்ளின குழந்தையும் கிள்ளு வாங்கின குழந்தையும் அதுக்குள்ள சேந்து ஓடிப் புடிச்சு விளையாடிட்டு இருப்பாங்க, பெரியவங்களுக்குத்தான் மாசக்கணக்குல மூஞ்சி கோணல். நேரா கிளாஸ் டீச்சருக்கு ஒரு மெசேஜ் போடுங்க, முடிஞ்சா அந்த அம்மாகிட்ட நேர்ல பேசுங்க, குழந்தை பேர குரூப்ல எழுதாதீங்க.

அஞ்சாம் கிளாஸ் பசங்கள வாரத்துல ஒரு தடவை ஒண்ணாம் கிளாஸ் பசங்களுக்கு கதை படிச்சுக் காட்ட அனுப்பறதும் நல்லா நடக்குது, பெரிய பசங்க கிரவுண்ட்ல சின்னவங்கள தள்ளி விடறது அதுல நிறையவே குறைஞ்சிருக்கு.

டீச்சர்களுக்கு ஒண்ணு. வருஷக் கடைசில ஒரு குழந்தை நம்ம கைய விட்டு அடுத்த டீச்சர்கிட்ட போகும்போது மார்க் மட்டும்தான் போகுது, நாம ஒரு வருஷம் பாடுபட்டு தெரிஞ்சுக்கிட்டது எல்லாம் நம்மளோடயே நின்னுடுது. எங்க ஸ்கூல்ல இப்போ கடைசி வாரத்துல ஒரு மத்தியானம் இதுக்குன்னே ஒதுக்கிட்டாங்க, பழைய டீச்சரும் புது டீச்சரும் எதிரெதிர்ல உக்காந்து ஒவ்வொரு பேரா பேசணும். உதாரணத்துக்கு, யாராவது சத்தம் போட்டா இவ காத பொத்திக்குவா, பின் பெஞ்சுல உக்கார வைங்க. இவன்கிட்ட எல்லார் முன்னாடியும் கேள்வி கேக்காதீங்க, தனியா கேட்டா அழகா சொல்லுவான். இவளோட அப்பாவுக்கு எழுதப் படிக்க கஷ்டம், டைரில எழுதி அனுப்பாம போன் பண்ணுங்க. "அடங்க மாட்டான்", "மந்தம்" மாதிரி முத்திரை குத்தற வார்த்தை அந்த மேசையில வரக் கூடாதுன்னு முதல்லயே பேசி வச்சுக்கிட்டோம், யாராவது ஆரம்பிச்சாங்கன்னா "சரி, அவனுக்கு எது உதவுச்சு?"ன்னு எதிர்ல இருக்கறவங்க கேக்கணும்.