வேலை எட்டும் தூரம்

ஜூன் 3

கூட்டுக் குடும்பம் பிரிந்தால் மருமகளையோ தம்பியையோ குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பழியில் பாதியையாவது, வேலை எங்கே எந்த விதத்தில் கிடைக்கிறது என்பதன்மேல் ஏற்ற வேண்டும் என்பது என் எண்ணம். நிலம் ஒன்றே பிழைப்பாக இருக்கும்வரை பத்திரம் மூத்தவரின் பெட்டியில் இருக்கிறது, இளையவர் பொறுத்துப்போகிறார். ஊருக்கு அருகே மாதச் சம்பளத்தில் ஒரு வேலை வந்துவிட்டால், அப்படிப் பொறுத்துப்போக வேண்டிய கட்டாயம் அவருக்கு இருப்பதில்லை.

ஜூன் 9

பதினெட்டாம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பிளாண்டர்ஸ் பகுதிக் கிராமத்தார் வீட்டிலேயே லினன் துணி நெய்து விற்றார்கள். தானிய விலையோடு ஒப்பிடுகையில் துணிக்கு நல்ல விலை கிடைத்த ஆண்டுகளில் அங்கே திருமணங்கள் பெருகியதை, 1972இல் வெளியான தம் ஆய்வில் பொருளாதார வரலாற்றாசிரியர் பிராங்க்ளின் மெண்டல்ஸ் காட்டினார். இதற்கு நேர்மாறானது 2012இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் வெளியிட்ட ஆய்வு: வட இந்தியக் கிராமங்கள் சிலவற்றில் கால்சென்டர் போன்ற வேலைகளுக்குப் பெண்களைச் சேர்க்க மூன்றாண்டுகள் ஏற்பாடு செய்தபோது, அங்கிருந்த இளம்பெண்கள் அந்தக் காலத்தில் மணமுடிப்பதும் பிள்ளை பெறுவதும் குறைந்தது. இரண்டுமே வருமானம் தரும் வேலைதான் என்றாலும், நூற்பதற்கும் நெய்வதற்கும் வீட்டுக்குள் இன்னொரு ஆள் வேண்டும், கால்சென்டருக்கோ படிப்பும் வெளியே போய்வரும் சுதந்திரமும் வேண்டும். ‘வருமானம் கூடினால் குடும்பம் இப்படி மாறும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுபவர்களை அதனால்தான் நான் நம்புவதில்லை.

ஜூன் 10

பேருந்தில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்றால் வீடு கலைவதில்லை, வீட்டுக்குள் வேலைகள்தான் கைமாறுகின்றன. அதிகாலை ஷிப்டுக்குத் தாய் கிளம்பினால், பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டியின் பொறுப்பாகிவிடுகிறது. அதுவரை ‘எனக்கென்ன’ என்றிருந்த பாட்டியின் சொல்லுக்கு வீட்டில் மறுபடியும் மதிப்பு வருகிறது.

ஜூன் 17

அன்றாடம் திரும்ப முடியாத தூரம் என்றால் கதையே வேறு. தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட சிறு நாடான லெசோத்தோவின் ஆண்கள் பல தலைமுறைகளாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். அங்கே ஆண்களுக்கு மட்டுமே விடுதி இருந்ததால், நிலத்தையும் கால்நடைகளையும் பிள்ளைகளையும் மனைவியரே பார்த்துக்கொண்டார்கள். சீனாவில் 1958இல் சட்டமான குடும்பப் பதிவு முறைப்படி, நகரத்துப் பள்ளியில் இடம் கிடைப்பது சொந்த ஊர்ப் பதிவைப் பொறுத்தது. பெற்றோர் நகரத்தில் உழைக்க, கோடிக்கணக்கான பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்ந்ததற்கு அது முக்கியக் காரணம். இவர்களைப் பாசமற்ற பெற்றோர் என்று எழுதுபவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஜூன் 18

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். ஒரே சமையலில் உண்பவர்களைத்தான் பல நாடுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு குடும்பமாக எண்ணுகிறது. தொலைவிலிருந்து பணம் அனுப்பும் மகன் அந்தக் கணக்கில் வருவதில்லை; ஆனால் கூரையை மாற்றுவதா, தங்கையை மேலே படிக்கவைப்பதா என்பதை அவனுடைய தொலைபேசி அழைப்புக்குப் பிறகே வீட்டில் முடிவு செய்கிறார்கள்.