துண்டான விரலை ஐஸில் போடாதீர்கள்

காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே பல விரல்கள் போகின்றன. மீன் வெட்டும்போதோ ஐஸ் உடைக்கும் மெஷினிலோ விரல் துண்டானால், பக்கத்தில் நிற்பவர் பதறிப்போய் அதை எடுத்து நேரே ஐஸ் பெட்டிக்குள் போட்டுவிடுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து சிதைந்துவிடும். அப்புறம் எந்த டாக்டராலும் அதை ஒட்டவைப்பது கஷ்டம்.

விரலைச் சுத்தமான தண்ணீரில், கிடைத்தால் சலைனில், ஒருமுறை அலசுங்கள், தேய்க்காதீர்கள். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். இன்னொரு பெரிய கவரில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் ஊற்றி அதற்குள் முதல் கவரை வையுங்கள். விரல் குளிர்ந்திருக்க வேண்டும். உறையவும் கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. டெட்டால், மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். தோலில் தொங்கிக்கொண்டிருக்கும் விரலை அறுத்து எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தத் துளித் தோலுக்குள் ஒரு ரத்தக்குழாய் தப்பியிருக்கலாம்.

காயத்தின் மேல் துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவையுங்கள். விரல் காயத்துக்கு இது போதும். ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினால் மிச்சமிருக்கும் விரலும் கெடும். டீயோ சோடாவோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

விரலில் தசை இல்லை. அதனால் குளிர்ச்சியாக வைத்தால் 12 மணி நேரமும், சில சமயம் அதற்கு மேலும் தாங்கும். முன்கையோடு துண்டானால் கணக்கே வேறு: தசை சீக்கிரம் செத்துவிடும், குளிரில் வைக்காவிட்டால் 6 மணி நேரம்தான் கெடு.

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி பக்கத்திலேயே இருப்பது பெரிய கொடுப்பினை. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த ஆஸ்பத்திரி அது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1938ல் மருத்துவக் கல்லூரி ஆனது. டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடு முழுக்கப் பேர்பெற்றது. துறைமுகமும் பட்டறைகளும் சூழ்ந்த ஊருக்கு இதைவிடத் தேவையான பிரிவு வேறு இல்லை.

கத்தியில் நறுக்கென்று வெட்டுப்பட்ட விரல் ஒட்ட வாய்ப்பு அதிகம். பவர் பிரஸ்ஸில் நசுங்கியதோ, பெல்ட்டில் சிக்கிப் பிய்ந்ததோ கடினம். உள்ளே குழாய்கள் நீளத்துக்குக் கிழிந்திருக்கும். தைக்க வேண்டிய குழாயே ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஒட்டிய பிறகு நுனியை அழுத்திவிட்டால் வெளுத்து, உடனே இளஞ்சிவப்பாக வேண்டும். வெளுத்தே இருந்தால் ரத்தம் உள்ளே போகவில்லை. நீலம் பாரித்தால் வெளியே வரவில்லை. இரண்டில் எதுவானாலும் அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஒரு பீடி பிடித்தாலும் குழாய் சுருங்கிக்கொள்ளும். பார்க்க வருபவர்களும் வார்டில் பிடிக்கக் கூடாது.

கேஷுவாலிட்டியில் எந்த மெஷின், எத்தனை மணி, எந்தக் கை என்று உள்ளதைச் சொல்லி ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "வீட்டுக் கதவில் நசுங்கியது என்று சொல்லு" என்பார் முதலாளி. ஒத்துக்கொண்டால் பின்னால் இ.எஸ்.ஐ.யிலோ இழப்பீட்டு வழக்கிலோ அந்த ஒரு வரியே எதிராக நிற்கும். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஏ.ஆர். நகலுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.